அமைச்சரின் ஆளா, அவையின் ஆளா?

2009 அக்டோபரில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அதுவரை நடந்திராத ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையர் பதவிக்கு மேகி அட்கின்சன் என்பவரைத் துறை அமைச்சர் எட் பால்ஸ் தேர்ந்தெடுத்திருந்தார். முக்கியமான பொதுப் பதவிகளுக்கு அரசு முன்மொழியும் ஆட்களை, நியமனத்துக்கு முன்பே நாடாளுமன்றக் குழு ஒன்று அழைத்து நேரில் விசாரிக்கும் நடைமுறை அதற்கு முந்தைய ஆண்டில்தான் தொடங்கியிருந்தது. அதன்படி குழு அவரை அழைத்தது, கேள்விகள் கேட்டது. பிறகு, இவரை ஏற்கும்படி பரிந்துரைக்க முடியாது என்று எழுதிக் கொடுத்தது. அவருடைய தொழில் திறமையில் குழுவுக்குச் சந்தேகம் இல்லை. பதவியின் சுதந்திரத்தை நிலைநாட்டுவதிலும், குழந்தைகளுக்காக நடப்பு நிலைமையை எதிர்த்துக் கேட்பதிலும், சட்டம் கொடுத்த வரம்பை முடிந்தவரை விரிப்பதிலும் அவரிடம் இன்னும் உறுதி தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் குழுவின் குறை. அமைச்சர் அந்த அறிக்கையை ஒதுக்கிவிட்டு அவரையே நியமித்தார். சட்டப்படி அதில் தவறு எதுவும் இல்லை, ஏனென்றால் குழுவின் முடிவு வெறும் ஆலோசனைதான். அரசின் தவறுகளைச் சுட்டிக்காட்டுவதையே வேலையாகக் கொண்ட ஒருவரை அந்த அரசே தேர்ந்தெடுக்கலாமா, அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வியை அன்று நடந்தது வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. அவரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்க வேண்டும், நாடாளுமன்றமே கறாராக விசாரிக்கவும் வேண்டும் என்பது என் கருத்து. அப்படி விசாரிப்பது அவருடைய சுதந்திரத்தைக் குறைக்கும் என்று பலர் அஞ்சுகிறார்கள். நடந்த வரலாற்றைப் பார்த்தால், அந்த விசாரணை இருக்கும் இடத்தில்தான் சுதந்திரம் நிலைத்திருக்கிறது.

இப்படி ஒரு பதவியை உலகில் முதன்முதலில் சட்டமாக்கிய நாடு நார்வே. 1981இல் அங்கே குழந்தைகளுக்கென்று தனியாக ஒரு ஒம்பட்ஸ்மன் (குறைகேள் அதிகாரி) நியமிக்கப்பட்டார். பிரிட்டனில் முந்திக்கொண்டது வேல்ஸ். வடக்கு வேல்ஸின் குழந்தைகள் காப்பகங்களில் பல ஆண்டுகள் நடந்த கொடுமைகளை விசாரித்த வாட்டர்ஹவுஸ் அறிக்கை 2000இல் வெளியானது. அடுத்த ஆண்டே அங்கே ஆணையர் வந்துவிட்டார். இங்கிலாந்தை அசைத்தது விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமியின் மரணம். ஐவரி கோஸ்ட்டிலிருந்து வந்து லண்டனில் பாட்டி முறை உறவினருடன் வாழ்ந்த அந்தக் குழந்தை, அவராலும் அவருடைய துணைவராலும் சித்திரவதை செய்யப்பட்டு 2000 பிப்ரவரியில் இறந்தாள். உடலில் 128 காயங்கள் இருந்தன. நான்கு உள்ளாட்சிகளின் சமூகப் பணியாளர்களும், காவல் துறையின் குழந்தைப் பாதுகாப்புப் பிரிவுகளும், இரண்டு மருத்துவமனைகளும் அவளை அறிந்திருந்தன. அவளைக் காப்பாற்றக் குறைந்தது 12 வாய்ப்புகள் கிடைத்தும் தவறவிடப்பட்டன என்று லேமிங் பிரபு தலைமையிலான விசாரணை 2003இல் சொன்னது. அதே ஆண்டு அரசு வெளியிட்ட கொள்கை அறிக்கையில் குழந்தைகள் ஆணையர் என்ற திட்டம் இடம்பெற்றது. 2004ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் அதை உருவாக்கியது. அல் ஐன்ஸ்லி கிரீன் என்ற குழந்தை மருத்துவர் 2005இல் முதல் ஆணையரானார்.

ஆனால் அந்தச் சட்டம் ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் பிடித்துக்கொண்டது. வேல்ஸ், ஸ்காட்லாந்து, வடக்கு அயர்லாந்து ஆணையர்களின் பணி குழந்தைகளின் உரிமைகளைக் காப்பது என்று வரையறுக்கப்பட்டிருந்தபோது, இங்கிலாந்து ஆணையரின் பணி குழந்தைகளின் கருத்துகளையும் நலன்களையும் பற்றி விழிப்புணர்வு ஏற்படுத்துவது என்ற அளவில் நின்றது. அவர் சொந்தமாக ஒரு விசாரணை தொடங்க நினைத்தாலும் முதலில் அமைச்சரைக் கலந்தாலோசிக்க வேண்டும். அமைச்சர் நினைத்தால் இன்ன விஷயத்தை விசாரி என்று அவருக்குக் கட்டளையிடலாம். ஆண்டறிக்கைகூட அமைச்சரின் கை வழியாகத்தான் நாடாளுமன்றத்தை அடைந்தது. இங்கிலாந்தின் அத்தனை குழந்தைகளுக்கும் பேச வேண்டும் என்று '11 மில்லியன்' என்ற பெயரையே தன் அலுவலகத்துக்குச் சூட்டிக்கொண்ட முதல் ஆணையர், இப்படிப்பட்ட சட்டத்தை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். 2010இல் ஜான் டன்ஃபோர்டு என்ற கல்வியாளர் அரசின் வேண்டுகோளின்படி இந்தப் பதவியை மதிப்பிட்டார். சட்ட வரையறையே பதவியைப் பலவீனமாக்கிவிட்டது என்று கண்டு, உரிமைகளை அடிப்படையாக்குங்கள், அமைச்சகத்தைச் சுற்றாமல் நாடாளுமன்றத்துக்கு நேராக அறிக்கை தரச் செய்யுங்கள் என்று பரிந்துரைத்தார். அதை ஒட்டி எழுதப்பட்ட சட்ட வரைவை இரு அவைகளின் மனித உரிமைகள் கூட்டுக் குழு 2012இல் வரி வரியாக ஆராய்ந்தது. 2014இல் திருத்தம் வந்தது. குழந்தைகளின் உரிமைகளை முன்னெடுப்பதும் காப்பதும் ஆணையரின் முதன்மைப் பணி என்றானது. அமைச்சரின் கட்டளை அதிகாரம் போயிற்று. ஐந்தாண்டு, வேண்டுமானால் மீண்டும் ஐந்தாண்டு என்றிருந்த பதவிக்காலம், புதுப்பிக்க முடியாத ஒரே ஆறாண்டு என்று மாறியது. இந்தக் கடைசி மாற்றம் சிறியதாகத் தெரியும், ஆனால் மிக முக்கியமானது. மறு நியமனத்துக்காக யாருடைய முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை என்றால்தான் வாய் திறக்கும். இத்தனையும் மாறிய பிறகும் நியமிக்கும் கை மட்டும் அமைச்சரின் கையாகவே இருந்துவிட்டது.

ஆணையர் கையில் உள்ள அதிகாரம் எத்தகையது என்று பார்த்தால், நாடாளுமன்றம் ஏன் தேவை என்பது தானாகப் புரியும். பொது நிறுவனங்களிடம் அவர் தகவல் கேட்கலாம், அவர்கள் கொடுத்தாக வேண்டும். தனியார் வீடுகளைத் தவிர, குழந்தைகள் தங்கவைக்கப்பட்ட இடங்களுக்குள் நுழைந்து அவர்களுடன் பேசலாம். பரிந்துரை செய்தால் எழுத்தில் பதில் சொல்லும்படி கேட்கலாம். அதற்கு மேல், செய் என்று யாருக்கும் உத்தரவிட முடியாது. 2020 டிசம்பரில் லண்டன் ஹாக்னி பகுதிப் பள்ளி ஒன்றில் 15 வயதுக் கறுப்பினச் சிறுமியைக் காவலர்கள் ஆடை களைந்து சோதனையிட்டார்கள். கஞ்சா வைத்திருக்கிறாள் என்பது ஆசிரியர்களின் சந்தேகம். எதுவும் கிடைக்கவில்லை. அவளுக்குத் துணையாகப் பெரியவர் எவரும் அங்கே இல்லை. 2022இல் இது வெளியே தெரிந்தபோது, அப்போதைய ஆணையர் ரேச்சல் டி சூசா தகவல் கேட்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி லண்டன் பெருநகரக் காவல் துறையிடம் கணக்குக் கேட்டார். 2018 முதல் 2020 வரை 650 குழந்தைகள் அப்படிச் சோதிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சிறுவர்களை மட்டும் எடுத்தால் 58 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். விசாரணையை நாடு முழுவதற்கும் விரித்தபோது, 2018 தொடங்கி 2022 நடுப்பகுதி வரை இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2,847 சோதனைகள் என்று தெரியவந்தது. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், சட்டம் கேட்கும் பெரியவர் உடனிருந்ததாக உறுதிசெய்ய முடியவில்லை. இந்த எண்களை வெளியே கொண்டுவரச் சுதந்திரமான ஒரு பதவி தேவைப்பட்டது. ஆனால் எண்கள் வெளிவந்ததோடு ஆணையரின் அதிகாரம் முடிந்துவிடுகிறது. காவல் துறையின் விதிகளைத் திருத்துவது அமைச்சர் கையில், அமைச்சரை நிறுத்திக் கேள்வி கேட்பது நாடாளுமன்றத்தின் கையில். அவர் எழுதுவதைப் படித்து, அமைச்சரை அழைத்து, ஆறு மாதம் கழித்து மறுபடியும் அழைத்து என்ன ஆயிற்று என்று கேட்க ஒரு குழு இல்லாவிட்டால், அத்தனை உழைப்பும் ஒரு நாள் செய்தியாகிப் போய்விடும்.

அமைச்சகத்தோடு கட்டப்பட்ட ஆணையர் எவ்வளவு எளிதாக மறக்கப்படுவார் என்பதை 2020 ஏப்ரலில் நடந்தது காட்டியது. கொரோனா காலத்தில் அரசின் பராமரிப்பில் உள்ள குழந்தைகளுக்கான விதிகளை இங்கிலாந்தின் கல்வித் துறை அவசரமாகத் தளர்த்தியது. சமூகப் பணியாளர் குறித்த கால இடைவெளியில் குழந்தையைப் பார்க்க வேண்டும் என்பது போன்ற காப்புகள் அவற்றில் இருந்தன. ஆர்ட்டிகிள் 39 என்ற குழந்தை உரிமை அமைப்பின் கணக்குப்படி 65 காப்புகள் நீக்கப்பட்டன அல்லது நீர்த்துப்போயின. விதிகள் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட மறுநாளே நடைமுறைக்கு வந்துவிட்டன. இதைச் செய்யுமுன் துறை, உள்ளாட்சிகளிடமும் சேவை நடத்துவோரிடமும் கருத்துக் கேட்டிருந்தது. குழந்தைகள் ஆணையரைக் கேட்கவில்லை. அன்றைய ஆணையர் ஆன் லாங்ஃபீல்டு விதிகளைத் திரும்பப் பெறும்படி பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார், பலனில்லை. ஆர்ட்டிகிள் 39 நீதிமன்றத்துக்குப் போயிற்று. ஆணையரையும் குழந்தைகளின் உரிமைகளுக்காகப் பேசும் அமைப்புகளையும் கலந்தாலோசிக்காதது சட்டவிரோதம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் நவம்பரில் தீர்ப்பளித்தது. அதற்குள் அந்த விதிகளில் பெரும்பகுதி செப்டம்பரிலேயே காலாவதியாகிவிட்டது. பெற்றோர் அருகில் இல்லாத குழந்தைகளுக்கு, நாட்டுக்கே மிகக் கடினமான ஐந்து மாதங்களில் கிடைத்திருக்க வேண்டிய கவனத்தை எந்தத் தீர்ப்பாலும் திருப்பித் தர முடியாது. தான் உருவாக்கிய பதவியையே ஒரு துறையால் இப்படிக் கடந்துபோக முடிந்தது ஏன் என்று யோசிக்க வேண்டும். ஆணையரை நாடாளுமன்றத்தின் அதிகாரி என்று அந்தத் துறை கருதியிருந்தால், அவரைத் தவிர்ப்பது நாடாளுமன்றத்தைத் தவிர்ப்பதாகும் என்று தயங்கியிருக்கும்.

ஆணையரை நாடாளுமன்றமே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதற்கு முதலில் எழும் மறுப்பு, நாடாளுமன்றம் என்றாலே கட்சி அரசியல்தானே என்பது. அமைச்சர் ஒருவரிடமிருந்து பறித்து ஆளும் கட்சிப் பெரும்பான்மையிடம் கொடுத்தால் என்ன மாறிவிடும்? நியாயமான கேள்விதான். ஆனால் 2009 குழுவைக் கவனியுங்கள். அமைச்சர் தொழிற்கட்சிக்காரர். குழுவின் தலைவர் பாரி ஷீர்மனும் தொழிற்கட்சிக்காரர், குழுவில் பெரும்பான்மையும் அந்தக் கட்சிக்கே. அப்படியிருந்தும் சொந்தக் கட்சி அமைச்சரின் தேர்வை அவர்கள் ஏற்க மறுத்தார்கள். அவையில் கொறடாவின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வாக்களிக்கும் உறுப்பினர்கள், பத்துப் பதினைந்து பேர் மட்டும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஒரே துறையை ஆண்டுக்கணக்கில் பார்க்கும்போது வேறு மாதிரி நடந்துகொள்கிறார்கள். அன்றைக்குக் குழுவின் கணிப்பு அட்கின்சன் விஷயத்தில் சரிதான் என்றும் நான் வாதாடவில்லை. அவருடைய காலத்தில்தான் கும்பல்களாலும் குழுக்களாலும் குழந்தைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாவது பற்றிய இரண்டாண்டு விசாரணையை ஆணையர் அலுவலகம் நடத்தியது. 14 மாதங்களில் 2,409 குழந்தைகள் பாதிக்கப்பட்டதை உறுதிசெய்து நாட்டை உலுக்கியது. குழு ஆளைப் பற்றித் தவறாகவே கணித்திருக்கலாம். ஆனால் பதவிக்கு என்ன தகுதி வேண்டும் என்பதைக் குழு எல்லோர் முன்னிலையிலும் காரணத்தோடு சொன்னது. அமைச்சர் அதை மீறியதால், புதிய ஆணையர் நாடாளுமன்றம் வேண்டாமென்றவர், அமைச்சர் விரும்பியவர் என்ற சுமையோடு முதல் நாள் வேலைக்குப் போக நேர்ந்தது. அந்த மீறல் அவருக்கே செய்த அநீதி.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. மக்கள் தேர்ந்தெடுத்தது அமைச்சரை, பொதுப் பணத்துக்குப் பொறுப்பும் அவருக்குத்தான். யாரும் தேர்ந்தெடுக்காத ஒரு ஆணையர் ஏன் தனி அதிகார மையமாக வேண்டும் என்பார்கள். இங்கே ஒரு விஷயத்தை நேராகப் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் சுமார் 1 கோடியே 20 லட்சம் பேர். அவர்களில் ஒருவருக்குக்கூட நாடாளுமன்றத் தேர்தலில் வாக்கு இல்லை. முதியோர் உதவித்தொகையில் கைவைக்க எந்த அமைச்சரும் பத்து முறை யோசிப்பார். காப்பகத்துக் குழந்தையைச் சமூகப் பணியாளர் பார்க்க வர வேண்டிய நாட்களைக் குறைக்கும்போது அந்தப் பயம் இருப்பதில்லை. மக்களாட்சி மற்ற எல்லோருக்கும் கொடுத்திருக்கும் தண்டிக்கும் சக்தி குழந்தைகளுக்குக் கிடையாது. அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டத்தான் ஆணையர். அப்படியானால் அவர் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைக்குப் பொறுப்பாக இருப்பதுதான் மக்களாட்சிக்கு உகந்தது. பணத்தைப் பற்றிய கவலைக்கு ஸ்காட்லாந்திலேயே விடை இருக்கிறது. அங்கே நாடாளுமன்றம் பரிந்துரைப்பவரைத்தான் மன்னர் ஆணையராக நியமிக்கிறார். பணம் அமைச்சகத்திலிருந்து வராமல் நாடாளுமன்ற நிர்வாக அமைப்பின் வழியே வருகிறது.

இந்த வாதத்துக்கு மிக வலுவான சான்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம். 1990களில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனின் கொலையை விசாரித்த நீதிபதி தாமஸ் கோவின் அறிக்கைக்குப் பிறகு, குழந்தைகளின் மரணங்களை ஆராய அங்கே ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. குழந்தைகளுக்காகப் பேசத் தனி அலுவலகமும் இருந்தது. 2001இல் ஆட்சி மாறியது. அடுத்த ஆண்டே சிக்கனம் என்ற பெயரில் இரண்டும் மூடப்பட்டன. மூடிய ஆணையத்தில் முடிக்கப்படாமல் கிடந்த நூற்றுக்கணக்கான குழந்தை மரணக் கோப்புகள் ஒரு கிடங்கில் பெட்டிகளில் கிடந்தன என்பது பிற்பாடு தெரியவந்தது. உறவினர் வீட்டில் வைக்கப்பட்ட 19 மாதப் பழங்குடிக் குழந்தை அடித்துக் கொல்லப்பட்ட வழக்கு மக்களைக் கொதிக்கவைத்தபோதுதான் இந்தக் கிடங்குச் செய்தியும் வெளியே வந்தது. டெட் ஹியூஸ் என்ற ஓய்வுபெற்ற நீதிபதி எல்லாவற்றையும் ஆராய்ந்து 2006 ஏப்ரலில் அறிக்கை கொடுத்தார். சட்டமன்றத்தின் சுதந்திரமான அதிகாரியாகக் குழந்தைகளுக்கு ஒரு பிரதிநிதி வேண்டும், அவருடைய அறிக்கைகளைப் பெற்று விவாதிக்கச் சட்டமன்றத்தில் நிரந்தரக் குழு ஒன்றும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டார். அவ்வாண்டே சட்டம் நிறைவேறியது. அனைத்துக் கட்சிக் குழு ஒருமனதாகப் பரிந்துரைத்தால் மட்டுமே ஒருவர் பிரதிநிதியாக முடியும் என்பது அச்சட்டத்தின் முக்கியமான ஏற்பாடு. எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் மறுத்தாலும் நியமனம் நின்றுபோகும். முதல் பிரதிநிதி மேரி எலன் டர்பெல் லஃபாண்ட் அந்தப் பலத்தோடுதான் 2010இல் அரசு தர மறுத்த அமைச்சரவைக் கோப்புகளைக் கேட்டு நீதிமன்றம் சென்றார், வென்றார். அவருக்குப் பின் வந்தவர்களும் இறந்துபோன குழந்தைகளின் வாழ்க்கையை நாள் வாரியாக எழுதி, எந்த அலுவலகம் எந்த நாளில் கண்ணை மூடிக்கொண்டது என்று காட்டும் அறிக்கைகளைத் தொடர்ந்து வெளியிடுகிறார்கள். ஒவ்வொன்றும் அந்த நிரந்தரக் குழுவின் மேசைக்குப் போகிறது. பிரதிநிதியும் அந்தக் குழுவின் முன் உட்கார்ந்து பதில் சொல்கிறார்.

சட்டமன்ற அதிகாரி என்ற பட்டம் மட்டும் போதாது என்பதற்கும் கனடாவிலேயே சான்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. ஒன்டாரியோவின் குழந்தைகள் வழக்காடுநர் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சட்டமன்றத்தின் அதிகாரிதான். இருந்தும் 2018 இறுதியில் டக் ஃபோர்டு தலைமையிலான மாகாண அரசு தன் பெரும்பான்மையைக் கொண்டு ஒரு நிதி மசோதாவுக்குள் வைத்து அந்தப் பதவியை ஒழித்தது. 2019 மே 1 அன்று அலுவலகம் மூடியது. விசாரணைப் பணி பொதுவான ஒம்பட்ஸ்மனிடம் போயிற்று. கண்காணிக்க வேறு அமைப்புகள் இருக்கும்போது இது எதற்கு என்ற வாதம் அங்கே வென்றது. ஆனால் ஆய்வாளர் நிறுவனத்தைப் பார்க்கிறார், ஒம்பட்ஸ்மன் வந்து சேரும் புகாரைப் பார்க்கிறார். புகார் எழுதவே தெரியாத, யாரை நம்புவது என்றும் தெரியாத குழந்தையைத் தேடிப்போவது வழக்காடுநரின் வேலை, அதை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட முடியாது. ஒரு பதவியைச் சட்டமன்றத்தின் பெயரில் உருவாக்கிவிட்டு, அதன் வேலையைத் தன் வேலையாகக் கருதும் குழு ஒன்றை வளர்க்காவிட்டால், ஒழிக்கும் நாளில் அதற்காக எழுந்து நிற்க அவையில் ஆள் இருக்காது. ஹியூஸ் இரண்டையும் சேர்த்துக் கேட்டதில் அந்த முன்யோசனை இருக்கிறது.

கறாரான விசாரணை ஆணையரைக் கோழையாக்கிவிடும் என்ற அச்சம் மீதமிருக்கிறது. விசாரணை எதைப் பற்றியது என்பதைப் பொறுத்தது அது. ஏன் இப்படிச் சொன்னீர்கள், ஏன் அரசைச் சங்கடப்படுத்தினீர்கள் என்று குழு கேட்கத் தொடங்கினால் அது மிரட்டல். எந்தக் குழந்தைகளை நேரில் பார்த்தீர்கள், தடுப்புக் காவலில் இருப்பவர்களையும் ஹோட்டல் அறைகளில் தங்கவைக்கப்பட்ட அகதிச் சிறுவர்களையும் போய்ப் பார்த்தீர்களா, அதிகாரம் இருந்தும் எங்கே பயன்படுத்தவில்லை, உங்கள் பரிந்துரைகளில் எத்தனைக்குப் பதில் வந்தது என்று கேட்டால் அது ஆணையருக்குப் பலம். மென்மையாக இருக்கும் ஆணையர் அம்பலமாவார், துணிந்தவருக்கு அவையே துணை நிற்கும். ஐக்கிய நாடுகள் சபையின் குழந்தை உரிமைக் குழு 2002இல் வெளியிட்ட இரண்டாம் பொதுக் கருத்துரையும் இதே திசையில் போகிறது. இத்தகைய அமைப்புகள் நாடாளுமன்றத்துக்கும் மக்களுக்கும் நேரடியாக அறிக்கை தரும் உரிமை பெற்றிருக்க வேண்டும், ஆண்டுக்கு ஒரு முறையாவது அதை நாடாளுமன்றம் விவாதிக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது.

இங்கிலாந்தில் ரேச்சல் டி சூசா 2021 மார்ச்சில் தொடங்கிய ஆறாண்டுக் காலம் 2027இல் முடியும் விதத்தில் அமைந்தது. அவருடைய நியமனத்துக்கு முன்பும் 2020 டிசம்பரில் நாடாளுமன்றக் கல்விக் குழு நியமன விசாரணை நடத்தியது, அவரை ஏற்றது. ஏற்காமல் இருந்திருந்தாலும், 2009இல் போலவே அமைச்சர் அவரை நியமித்திருக்க முடியும். 2014 திருத்தம் பலவற்றைச் சரிசெய்தபோது விட்டுவைத்த இந்த ஓட்டையை அடைக்கப் பெரிய சட்டம் தேவையில்லை. குழுவின் ஒப்புதல் இல்லாமல் நியமனம் செல்லாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தால் போதும். அடுத்த ஆணையரைத் தேடும் வேலை தொடங்குவதற்கு முன்பே பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அதைச் செய்ய வேண்டும்.